ஸ்டாம்ப் அடிச்சு வாட்டர்கலர் போட்டா மை ஓடுது... பொங்கல் கார்டுக்கு என்ன பண்றது?

கரும்புக்காடு_செல்வி (திருச்சி):

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் கேள்வி கேக்குற அளவுக்கு மாட்டிக்கிட்டேன். விஷயம் என்னன்னா, இந்தப் பொங்கலுக்கு நான் யாருக்கும் வாட்ஸ்அப் ஃபார்வர்டு அனுப்ப மாட்டேன், கையால கார்டு செஞ்சு தபால்ல போடுவேன்னு தீபாவளி அன்னிக்கு மொத்த சொந்தத்துக்கு முன்னாடியும் வாய விட்டுட்டேன். எங்க வீட்ல சின்ன வயசுல பொங்கல் வாழ்த்துன்னா கொடியில துணி காயப்போடுற மாதிரி சுவத்துக்கு சுவர் நூல் கட்டி வரிசையா தொங்க விடுவோம், பானை, மாடு, சூரியன், நடுவுல ஒரு சினிமா ஸ்டார்... அப்பா கவர ஒட்டாம உள்ள மடிச்சு விட்டு மேல புக் போஸ்ட்னு (கடுதாசி இல்லாத தபால், கட்டணம் கம்மி) எழுதி அனுப்புவாரு, உள்ள கடுதாசி மாதிரி ஒரு வரி கூட எழுத விடமாட்டாரு, எழுதுனா வாங்குறவங்ககிட்ட ஃபைன் வாங்கிருவாங்கன்னு பயம். அந்த நெனப்புல சொல்லிட்டேன், இப்ப 35 கார்டு செய்யணும்.

இதுவரைக்கும் செஞ்சது: சீல் செய்யுற கடைல பானை, சூரியன், ஒரு ஜோடி கரும்பு, அப்புறம் எழுத்து ஒண்ணு, நானே வரைஞ்சு குடுத்து ரப்பர் ஸ்டாம்ப் பண்ணிட்டேன், அது நல்லா வந்துருக்கு. ஐவரி ஷீட் வாங்கி மடிச்சு, வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து கொண்டு வந்த ஊதா ஸ்டாம்ப் பேட்ல அடிச்சு, பொண்ணோட ஸ்கூல் கலர் டப்பாவ வெச்சு பிரஷ்ல தொட்டேன். அவ்வளவுதான். மொத்த மையும் ஓடிருச்சு. பானையில பால் பொங்கல, வாய்ப்புண்ணுக்கு தடவுவாங்களே ஜென்ஷன் வயலட், அதுதான் பொங்குது. காஞ்சப்புறம் பேப்பர் பொரிச்ச அப்பளம் மாதிரி வளைஞ்சு போச்சு. சரி பேப்பர்தான் தப்புன்னு வாட்டர்கலர் பேப்பர்னே கேட்டு ஒரு பேட் வாங்குனேன், அதுல ஸ்டாம்ப் அடிச்சா சொறி புடிச்ச மாதிரி பாதி விழுது பாதி விழல. எந்த மை வாங்கணும், எந்த பேப்பர், அதிக செலவு இல்லாம வழி இருக்கா? டிசம்பர் பாதி முடிஞ்சிருச்சு, ஜனவரி 10க்குள்ள தபால்ல போட்டாகணும்.

பாரிமுனை_பாலா (சென்னை):

அக்கா முதல்ல அந்த பேட சார்கிட்டயே திருப்பி குடுத்துருங்க :) ஆபீஸ் பேட் மைன்றது சாயம், தண்ணி, கூட கிளிசரின் மாதிரி சீக்கிரம் காயவிடாத ஒரு சமாச்சாரம், அவ்வளவுதான். பேட் காஞ்சு போச்சுன்னா ஆபீஸ்ல ரெண்டு சொட்டு தண்ணி விட்டு ஒரு வாரம் ஓட்டுவாங்கல்ல, அப்படின்னா என்ன அர்த்தம், அது தண்ணியில கரையுற மை. நீங்க மேல ஈர பிரஷ் வெச்சா அது அது வேலையத்தான பாக்கும்.

கார்டு செய்யுறவங்க வாங்குற பேட்ல ரெண்டு ஜாதி இருக்கு, இத புரிஞ்சுக்காமதான் முக்காவாசி பேர் காச விடுறாங்க (நானும்தான், முத வருஷம் நாலு பேட் வாங்கி நாலும் ஓடுற மை). ஒண்ணு டை மை, அதாவது சாயம், பேப்பருக்குள்ள ஊறிப்போகும், சீக்கிரம் காயும், ஆனா அதுல முக்காவாசி தண்ணி பட்டா நகரும். இன்னொண்ணு பிக்மென்ட் மை, அது பொடி, பேப்பருக்கு மேல உக்காரும், காய நேரம் எடுக்கும். உங்களுக்கு வேணும்கிறது காஞ்சப்புறம் தண்ணிக்கு அசையாத கருப்பு. வெர்சாஃபைன்னு ஒண்ணு இருக்கு, எண்ணெய் கலந்த பிக்மென்ட் மை, கோடு ரொம்ப சன்னமா விழும், காஞ்சுருச்சுன்னா மேல எவ்வளவு தண்ணி ஓட்டினாலும் அசையாது. ரேஞ்சர் ஆர்க்கைவல் பேடும் அப்படித்தான். டிஸ்ட்ரெஸ் இங்க்னு போட்டிருந்தா அது தண்ணி பட்டு ஓடணும்னே செஞ்சது, அவுட்லைனுக்கு வாங்கிராதீங்க. மெமென்டோன்னு வர்ற பேட், ஆல்கஹால் மார்க்கர் வெச்சு கலர் பண்றவங்களுக்கு நல்லது, வாட்டர்கலருக்கு சரி வராது. கடைக்காரர் எல்லாத்தையும் "பெர்மனன்ட் மேடம்"னுதான் சொல்வாரு, நம்பாதீங்க, வீட்டுக்கு வந்து வேஸ்ட் பேப்பர்ல ஒண்ணு அடிச்சு பத்து நிமிஷம் விட்டு ஈர பிரஷ்ல நாலு தேய் தேய்ச்சு பாருங்க, அவ்வளவுதான் டெஸ்ட்.

ஒரே ஒரு பேட், கருப்பு, போதும். கலர் பேட் செட்ட பாத்து மயங்கிறாதீங்க, கலருக்குத்தான் பிரஷ் இருக்கே. எண்ணெய் மைன்றதால ஸ்டாம்ப்ப வெறும் தண்ணியில கழுவினா போகாது, குழந்தைக்கு தொடைக்கிற வைப்ஸ், இல்ல லேசா சோப்பு.

அப்புறம் சென்னைல யாராவது இருந்தா பாரிஸ் ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு தடவ போயிட்டு வர சொல்லுங்க, தெரு முழுக்க பேப்பரும் கல்யாணப் பத்திரிகையும்தான். கவர் தனியா கேட்டு வாங்கலாம். நான் போனா வேணும்கிறத விட்டுட்டு வேணாங்குறதெல்லாம் வாங்கிட்டு வந்துருவேன், அது வேற கதை.

டிராயிங்மாஸ்டர்_ஓய்வு (மதுரை):

தம்பி மைய பத்தி சரியா சொல்லிட்டாப்ல. பேப்பர பத்தி நான் சொல்றேன்மா, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு பேப்பர் கிழிஞ்சத பாத்து பாத்தே ரிட்டையர் ஆனவன்.

ஐவரி ஷீட் வழவழன்னு அழகா இருக்கும், ஸ்டாம்ப் அடிக்க அத மாதிரி வராது. ஆனா அதுக்கு தண்ணி தாங்குற சக்தி கிடையாது. வாட்டர்கலர் பேப்பர்ல சைஸிங்னு ஒண்ணு போடுவாங்க, வெள்ளைக்காரன் ஜெலட்டின்ல போடுவான், நம்ம ஊர்ல கையால பேப்பர் செஞ்சவங்க கஞ்சியில போட்டாங்க. வேட்டிக்கு கஞ்சி போட்டா தண்ணி தெளிச்சதும் உடனே உள்ள இறங்காம மேல நிக்கும் பாரு, அதேதான். கஞ்சி இருக்குற பேப்பர்ல கலர் மேல நின்னு நிதானமா காயும், நீ நினைச்ச இடத்துக்கு இழுத்துட்டுப் போகலாம். கஞ்சி இல்லைன்னா பிளாட்டிங் பேப்பர் மாதிரி உறிஞ்சிட்டு போயிரும். வாங்குன பேப்பர் எப்படின்னு தெரியணுமா, ஓரத்துல ஒரு சொட்டு தண்ணி வெச்சுப்பாரு. முத்து மாதிரி நின்னா நல்லது. வெச்சதும் கருப்பா இறங்குச்சுன்னா கலருக்கு ஆகாது. புதுச்சேரி ஆசிரமத்து கைப்பேப்பர் ரொம்ப அழகு, ஆனா அதுலயும் எல்லா ரகமும் கலருக்குன்னு செஞ்சதில்ல, சொட்டு வெச்சு பாத்துட்டு வாங்கு. ஆகலைன்னா மடிக்கிற அட்டைக்கு வெச்சுக்கோ, அதுக்கு அத விட்டா வேற இல்ல.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தன கிராம்னு பேப்பரோட கனக் கணக்கு) வாங்கு, அதுக்கு கீழ போகாத. கோல்ட் பிரஸ்னா, அதாவது சூடு காட்டாம அழுத்துன பேப்பர், மேடும் பள்ளமுமா இருக்கும், உனக்கு ஸ்டாம்ப் சொறி சொறியா விழுந்ததுக்கு அதான் காரணம், ரப்பர் மேட்டுல மட்டும் தொடுது பள்ளத்துல தொடல. ஹாட் பிரஸ்னு ஒண்ணு இருக்கு, சூடான உருளையில அழுத்தி வழுவழுப்பா ஆக்குனது, ஸ்டாம்ப்புக்கு அதுதான் தோது. கிடைக்கலையா, கவலைப்படாத, உன் பேப்பரையே திருப்பிப் பாரு, பல பேப்பர்ல பின்பக்கம் கொஞ்சம் வழுவழுப்பா இருக்கும். பின்பக்கம் அடி. அடிக்கும்போது கீழ பழைய மவுஸ் பேட் இல்ல நாலு மடிப்பு நியூஸ் பேப்பர் வெச்சுக்க, ஸ்டாம்ப் பள்ளத்துக்குள்ளயும் இறங்கும். மெத்தை இல்லாம மேஜை மேல வெச்சு குத்தாத, போஸ்ட் ஆபீஸ்ல சீல் குத்துற மாதிரி.

அப்பளம் ஆனதுக்கு மருந்து ரொம்ப சுலபம். கார்டு மேலேயே கலர் போடாத. தனியா ஒரு துண்டு வெட்டி, நாலு ஓரத்தையும் மாஸ்கிங் டேப் போட்டு ஒரு பலகையில ஒட்டி, அதுல கலர் போடு, நல்லா காஞ்சப்புறம் டேப்ப மெதுவா, படுக்கவெச்ச மாதிரி பின்னால மடக்கி உரி. அதுக்கு அப்புறமும் வளைஞ்சா பின்பக்கம் லேசா தண்ணி தெளிச்சு ரெண்டு டைரிக்கு நடுவுல ஒரு ராத்திரி வை. அத மடிச்ச அட்டை மேல ரெட்டைப்பக்க டேப்ல ஒட்டு. பெவிகால் போட்டா அதுல இருக்குற தண்ணிக்கே மறுபடி வளையும்.

ஸ்கூல் கலர் டப்பாவ பொண்ணுகிட்ட குடுத்துரு. அதுல கலர் கம்மி, சுண்ணாம்பு ஜாஸ்தி, காஞ்சா தூள் பூத்த மாதிரி இருக்கும். டியூப்ல நாலே நாலு வாங்கு, மஞ்சள், ஒரு சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா. பர்ன்ட் சியன்னான்னா பேரே சுட்ட மண்ணுதான். உன் பானையும் சுட்ட மண்ணு. அத அப்படியே தண்ணி விட்டு பானைக்கு பூசு, ஈரம் காயுறதுக்குள்ள ஒரு பக்கம் மட்டும் அல்ட்ராமரைன் ஒரு துளி தொடு, ரெண்டும் கலந்து சாம்பல் நிழலா இறங்கும். பானை உருண்டு வந்துரும் பாரு, வேற எதுவும் செய்ய வேணாம். கருப்பு டியூப் வாங்காத.

சூரியனுக்கு ஒரு வேலை சொல்றேன், இது வகுப்புல பிள்ளைகளுக்கு ரொம்ப பிடிக்கும். பேப்பர முழுசா வெறும் தண்ணியில நனை. நனைச்சதும் கலர் போடாத, பேப்பர சாய்ச்சு பாத்தா குளம் மாதிரி பளபளன்னு இருக்கும், அந்தப் பளபளப்பு கொஞ்சம் மட்டுப்பட்டு பட்டுத்துணி மாதிரி மினுக்கும், அப்ப கீழ இருந்து மஞ்சள், அதுக்கு மேல ஆரஞ்சு, மேல லேசா சிவப்பு. நீலத்த ஆரஞ்சு மேல விடாத, சேறாகும். இப்ப ஒரு ரூபா காச பழைய பனியன் துணியில இறுக்கி சுத்தி அந்த ஈரத்து மேல ஒத்தி எடு. வட்டமா வெளுத்து சூரியன் நிக்கும். ஓரம் கொஞ்சம் கலங்கி இருக்கும், அதுதான் அழகு, மார்கழிப் பனியில சூரியன் அப்படித்தான இருக்கும். அப்புறம் உன் சூரிய ஸ்டாம்ப்புக்கு வேலையே இல்ல, அதுக்கு குடுத்த காசுக்கு நான் பொறுப்பில்ல.

கரும்புக்காடு_செல்வி:

சார், பாலா தம்பி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கருப்பு பேட் ஆர்டர் போட்டுட்டேன். நேத்து ராத்திரி பசங்க தூங்குனப்புறம் அந்த பனியன் துணி வேலைய பண்ணேன். மொத மூணும் நாசம், நான் அவசரப்பட்டு குளமா இருக்கும்போதே கலர் விட்டுட்டேன், அது போய் ஓரத்து டேப்புல தேங்கி நின்னுச்சு. நாலாவதுக்கு நீங்க சொன்ன மாதிரி தலைய சாய்ச்சு பேப்பர்மேல லைட்ட பாத்துட்டே உக்காந்துருந்தேன், பளபளப்பு அடங்கும்போது விட்டேன். வந்துருச்சு சார். எங்க வீட்டுக்காரர எழுப்பி காட்டுனேன், "நல்லாருக்கு, மணி என்ன"ன்னாரு.

இன்னொரு சந்தேகம், பானையில பொங்குற நுரை வெள்ளையா இருக்கணும். சுத்தி கலர் போடும்போது நுரைக்குள்ள போயிருது. வெள்ளை பெயின்ட் வெச்சு மேல போட்டா செயற்கையா இருக்கு. யூடியூப்ல யாரோ ஒரு பொடிய தூவி மிஷின்ல சூடு காட்டினாங்க, அந்த மிஷின் விலைய பாத்துட்டு மூடி வெச்சுட்டேன்.

குமரி_ரப்பர்பால் (மார்த்தாண்டம் பக்கம்):

அது ஹீட் எம்பாஸிங். மெதுவா காயுற பசை மை இருக்கும், அதுல ஸ்டாம்ப் அடிச்சு மேல பொடிய தூவி மிச்சத்த தட்டி விட்டு சூடு காட்டினா பொடி உருகி பளபளன்னு மேடா நிக்கும். வெள்ளைப்பொடி போட்டா நுரை வெள்ளையா இருக்கும், மேல கலர் ஓட்டினாலும் அது மேல ஒட்டாம உருண்டு ஓடிடும். மிஷின் வேணும்னு அவசியம் இல்ல. ஆனா ஹேர் டிரையர் வெச்சு முயற்சி பண்ணாதீங்க, அது சூடு பத்தாது, காத்து மட்டும் ஜாஸ்தி, பொடி மொத்தமும் பறந்து மூஞ்சில அடிக்கும் (எப்படி தெரியும்னு கேக்காதீங்க). நான் பண்றது தோசைக்கல்லு. கல்ல நல்லா காய வெச்சு, அடுப்ப அணைச்சுட்டு, கார்ட இடுக்கியில புடிச்சு கல்லுக்கு மேல ஒரு விரக்கட உயரத்துல பொடி மேல்பக்கமா இருக்கறது போல காட்டணும், கீழ இருந்து சூடு ஏறி பொடி மாவு மாதிரி இருந்தது சட்டுன்னு கண்ணாடி மாதிரி மாறும், மாறுன உடனே எடுத்துடணும், இன்னும் ஒரு நிமிஷம் வெச்சா பேப்பர் பழுப்பாகும். சமையல் பண்ற கல்லுல கார்டு படாம பாத்துக்கங்க, பொடி பிளாஸ்டிக் சமாச்சாரம், கல்லுல விழுந்தா அம்மா கரண்டிய எடுத்துட்டு வருவாங்க.

அதுவும் வேணாம்னா மெழுகுவத்தி. வெள்ளை மெழுகுவத்திய பென்சில் மாதிரி சீவி நுரை இடத்துல அழுத்தி தேய்ங்க, மேல கலர் போட்டா அந்த இடம் மட்டும் வெள்ளையா நிக்கும். கோடு சன்னமா வராது, ஆனா நுரைக்கு சன்னம் எதுக்கு.

இன்னொண்ணு மாஸ்கிங் ஃபுளூயிட். எங்க ஊர்க்காரங்களுக்கு அது புதுசே இல்ல, பாட்டில தெறந்த உடனே வாசனைய வெச்சு கண்டுபிடிச்சேன், ரப்பர்பாலு. எங்க வீட்டு பின்னாடி கொட்டாங்கச்சியில வடியுதே அதே பாலு. உறையாம இருக்க அமோனியா ஊத்துவாங்க, அந்த நெடிதான் மூக்க அரிக்கும். பிரஷ்ல தொட்டு நுரை மேல பூசி காய விட்டா ரப்பர் தோல் மாதிரி ஆயிரும், மேல கலர் அடிச்சு காஞ்சப்புறம் விரல்ல உருட்டி எடுத்துரலாம். நல்ல பிரஷ்ஷ விடாதீங்க, உறைஞ்சு கட்டையாயிரும், இல்ல முதல்ல பிரஷ்ஷ சோப்புல தேய்ச்சுட்டு தொடுங்க. பூசி நாள்கணக்கா விட்டுறவும் கூடாது, உரிக்கும்போது பேப்பரோட தோலும் வந்துரும். அப்பா பாத்துட்டு "ரப்பர் இங்க கிலோக்கணக்குல, நீ அத சின்ன குப்பியில காசு குடுத்து வாங்குறியா"ன்னு ஒரு வாரம் சொல்லிக்காட்டினாரு.

நித்திலா_ரொறன்ரோ:

வணக்கம் செல்வி அக்கா. நான் இங்க பத்து வருசமா நத்தாருக்கும் (கிறிஸ்மஸ்தான்) பொங்கலுக்கும் கார்ட் செய்யிறன். உங்கட கதைய வாசிக்க சிரிப்பும் வந்தது, என்ர முதல் வருசமும் ஞாபகம் வந்தது.

ஒரு விசயம் சொல்லட்டே. எல்லாரும் மை ஓடக்கூடாது எண்டே சொல்லுகினம். ஓடுற மையை வைச்சே செய்யிற வேலை ஒண்டு இருக்கு, இங்க அதுக்கு நோ-லைன் எண்டு பேர். நல்ல வெளிறின நிறத்தில, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத மாதிரி, தண்ணியில கரையிற மையால ஸ்டாம்ப் அடிக்கிறது. பிறகு ஈரப் பிரஷ்ஷால அந்தக் கோட்டில தொட்டு உள்ளுக்கு இழுத்தால் கோடு கரைஞ்சு நிறத்தோட சேர்ந்திடும், முடிவில ஸ்டாம்ப் அடிச்சது எண்டே தெரியாது, கையால கீறின மாதிரி இருக்கும். கறுப்புக் கோடு இருந்தால் அது கலரிங் புத்தகம் மாதிரித்தான் எனக்குத் தெரியும். இது என்ர எண்ணம், ஆரும் கோவிக்காதேங்கோ.

ஆனால் கறுப்புக் கோட்டுக்கும் ஒரு வம்சம் இருக்கு. லண்டனில ஹென்றி கோல் எண்டவர் 1843ல நத்தாருக்குக் கார்ட் அடிப்பிச்சார், அதைத்தான் வியாபாரத்துக்கு வந்த முதல் நத்தார் கார்ட் எண்டு சொல்லுறவை. ஹோர்ஸ்லி எண்ட ஓவியர் கீறினது. கோடு மட்டும் லித்தோவில (கல்லச்சில) அடிச்சு, நிறம் ஒவ்வொண்டுக்கும் கையால பூசினது, ஒண்டு ஒரு ஷில்லிங். அந்த மனுசன் ஏன் செய்தது தெரியுமோ, வாற கடிதங்களுக்கு எல்லாம் பதில் எழுத நேரமில்லை எண்டுதான். நீங்கள் ஃபார்வர்டு வேண்டாம் எண்டு கார்டுக்கு வாறியள், அவர் கடிதத்தில இருந்து தப்ப கார்டுக்குப் போனவர் :)

மடிக்கிறது பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. ஏ4 அட்டையை ரெண்டா வெட்டி, ஒரு பாதிய நடுவில மடிச்சால் ஏ6 அளவு கார்ட், அதுக்கு சி6 கவர் சரியா இருக்கும். மடிக்க முதல் அட்டைய ரெண்டு பக்கமும் மெதுவா வளைச்சுப் பாருங்கோ, ஒரு பக்கம் லேசா வளையும், ஒரு பக்கம் முரண்டு பிடிக்கும். லேசா வளையிற பக்கமா மடிச்சால் மடிப்பு வெடிக்காது. மை முடிஞ்ச பேனாவால ஸ்கேல் வைச்சு ஒரு கோடு அழுத்தி இழுத்திட்டு மடியுங்கோ.

35ஐயும் ஒண்டொண்டா முடிக்க வெளிக்கிடாதேங்கோ, விசர் பிடிக்கும். ஒரு நாள் வானம் மட்டும், அடுத்த நாள் ஸ்டாம்ப் மட்டும், பிறகு பானை மட்டும். சாப்பாட்டு மேசை ஒரு வாரத்துக்கு உங்களுக்கில்லை எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.

டிராயிங்மாஸ்டர்_ஓய்வு:

நித்திலா தங்கச்சி சொன்ன மடிப்பு விஷயம் ரொம்ப முக்கியம், நான் மறந்துட்டேன். பேப்பருக்கும் மரத்துக்கு மாதிரி ரேகை ஓட்டம் உண்டு. கறுப்புக் கோட்ட பத்தி மட்டும் ஒத்துக்க மாட்டேன், நம்ம ஊர் காலண்டர் படமெல்லாம் கோட்டுலதான் நிக்குது. அத வேற நாள் பேசுவோம்.

செல்வி, வானத்துக்கு இன்னொரு வித்தை. ஈரம் பட்டுத்துணி மாதிரி ஆகும்போது நாலஞ்சு தூள் உப்பு தூவு, தூள் உப்பு, கல் உப்பு போட்டா பெரிய பெரிய திட்டா விழும். அது தண்ணிய இழுத்து சுத்தி பூ மாதிரி விரியும். முழுசா காஞ்சப்புறம் தட்டி விடு. மட்டமான பேப்பர்ல இது வேலை செய்யாது, முதல்ல ஓரத்துண்டுல பாத்துக்க.

கரும்புக்காடு_செல்வி:

ஒரு வாரம் கழிச்சு வரேன். கருப்பு பேட் வந்துருச்சு, பானை எல்லாம் அதுலதான், ஓடல. நுரைக்கு மெழுகுவத்தி. தோசைக்கல்ல தொடுறதுக்கு எங்க மாமியார் விடல.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. நித்திலா, நீங்க ஓடுற மைய வெச்சே செய்யலாம்னு சொன்னத படிச்சுட்டு அந்த ஊதா பேட தூக்கிப்போட மனசு வராம வெச்சுருந்தேன். முந்தாநேத்து சும்மா இருக்கட்டும்னு கரும்பு ஸ்டாம்ப்ப அந்த ஊதாவுல அடிச்சேன், முதல்ல வேஸ்ட் பேப்பர்ல ஒரு தடவ அடிச்சு மையக் கொஞ்சம் கொறைச்சுட்டு ரெண்டாவது தடவதான் கார்டுல. வெறும் தண்ணி பிரஷ், கலரே தொடல. தண்டோட ஒரு ஓரத்துக் கோட்ட மட்டும் தொட்டு உள்ளுக்கு இழுத்தேன், இன்னொரு ஓரத்த தொடல. ஊதா அப்படியே தண்டுக்குள்ள இறங்கி, நடுவுல வெளுத்து, கணுகிட்ட மட்டும் தேங்கி கறுத்து நின்னுச்சு. அது எங்க ஊரு பன்னீர்க் கரும்பேதான்! தோல் ஊதாவுல அந்த வெள்ளப் பூச்சு கூட இருக்கு. இத கலர் கலந்து கொண்டு வரணும்னா நான் ஒரு மாசம் உக்காந்துருக்கணும். தோகைக்கு மட்டும் மஞ்சளும் அல்ட்ராமரைனும் கலந்து பச்சை, அத மட்டும் ஊதா நல்லா காஞ்சப்புறம், ஊதாவ தொடாம.

35 கரும்பையும் ஆபீஸ் பேட்லயே முடிச்சிட்டேன். வீட்டுக்காரர் பேட எப்ப தருவேன்னு கேக்குறாரு.

பாரிமுனை_பாலா:

அக்கா செம! நான் குடுக்கச் சொன்ன பேடு! வாபஸ் வாங்கிக்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை, அந்த ஊதா சாயம் வெளிச்சத்துக்கு நிக்காது, வெயில் படுற இடத்துல மாட்டுனா கொஞ்ச நாள்ல கரும்பு நரைச்சிரும். வாங்குறவங்க டிராயர்ல போட்டு வெச்சா பல வருஷம் இருக்கும். எழுத்துக்கு கருப்பே போடுங்க. ஆமா எழுத்து ஸ்டாம்ப் போட்டோ பாத்தேன், "வாழ்த்துக்கள்"னு இருக்கே, "வாழ்த்துகள்"தான சரி?

கரும்புக்காடு_செல்வி:

அய்யோ தம்பி, நான் எழுதி குடுத்தது சரியாத்தான் குடுத்தேன், கடைக்காரர் "மேடம் க் விட்டுட்டீங்க, நானே சேர்த்துட்டேன்"னு பெருமையா சொன்னாரு. அப்ப எனக்கே சந்தேகம் வந்து பேசாம வாங்கிட்டு வந்துட்டேன். எங்க பெரியப்பா தமிழ் வாத்தியார், அவருக்கும் ஒரு கார்டு போகுது. சிவப்பு பேனாவுல திருத்தி திருப்பி அனுப்புவாரு.

குமரி_ரப்பர்பால்:

இதுக்கெதுக்கு பயம். ரப்பர் சீட்டு கட்டையில பசையில ஒட்டினதுதான, ஓரத்துல பிளேட விட்டு மெதுவா நெம்பி எடுங்க. க் மட்டும் வெட்டி எடுத்துட்டு "கள்"ள நகத்தி பக்கத்துல ஒட்டுங்க. ஒரு வரி ஸ்டாம்ப்தான, நேரா ஒட்டினா தெரியாது. நான் அழிரப்பர்ல பேர் செதுக்குற ஆளு, எனக்கு இந்த இலக்கணத்துல ஒரு சுயநலம் இருக்கு, க் இல்லாம எழுதினா ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும் மிச்சம். புள்ளி செதுக்குறதுதான் உயிர் போற வேலை, பாதி நேரம் பிளேடு பட்டு புள்ளி பறந்துரும். இப்பல்லாம் புள்ளியே செதுக்குறதில்ல, எழுத்த அடிச்சுட்டு தீக்குச்சி பின்பக்கத்துல மை தொட்டு வெச்சு விட்ருவேன்.

நித்திலா_ரொறன்ரோ:

அக்கா அனுப்ப முதல் ஒண்டை நிறுத்துப் பாருங்கோ. அட்டை, மேல ஒட்டின துண்டு, கவர் எல்லாம் சேர்த்தால் பாரம் கூடும், முத்திரை போதாமல் போனால் வாங்குற ஆக்கள்தான் கட்டவேணும்.

கரும்புக்காடு_செல்வி:

க் எடுத்தாச்சு. "கள்" கொஞ்சம் மேல ஏறி உக்காந்துருச்சு, துள்ளுற மாதிரி இருக்கு, பொங்கலுக்கு துள்ளினா தப்பில்லன்னு விட்டுட்டேன்.

நித்திலா சொன்ன மாதிரி எடை பாத்தோம், பக்கத்து நகைக்கடைல கெஞ்சி தராசுல வெச்சேன், 16 கிராம். 20 கிராமுக்குள்ளதான், முதல் எடைக்கு உள்ள முத்திரையே போதும். நேத்து 33 கார்ட தபால்ல போட்டுட்டேன். கவுன்டர்ல இருந்தவங்க ஏதாவது கேப்பாங்க, இந்தக் காலத்துல கார்டான்னு ஆச்சரியப்படுவாங்கன்னு பதில் எல்லாம் ரெடி பண்ணி வெச்சுட்டு போனேன், அவங்க ஒண்ண தராசுல வெச்சுட்டு, முத்திரைய எண்ணி குடுத்துட்டு, பசை டப்பா அந்த மேஜைல இருக்குன்னு கைய காட்டிட்டு அடுத்த ஆள கூப்டுட்டாங்க.

மிச்சம் ரெண்டு. ஒண்ணு பொண்ணு எடுத்து வெச்சுக்கிட்டா. இன்னொண்ணுல மாமியார் டீ டம்ளர வெச்சுட்டாங்க, வட்டமா கறை. டிராயிங் சார், அத சூரியனாக்க முடியுமா?

டிராயிங்மாஸ்டர்_ஓய்வு:

எந்த இடத்துல வெச்சாங்க, பானைக்கு மேலயா கீழயா? போட்டோ போடு.